சைக்கிளுக்கு விலை கூடிய மெல்லிய ட்யூப் தேவையா?

ரேஸ் சைக்கிளின் 25 மி.மீ. அகல டயருக்கான, 700×25 அளவுள்ள சாதாரணக் கறுப்பு ட்யூப் ஒன்றைத் தராசில் வைத்தால் 100 கிராமை ஒட்டிக் காட்டும். அதே டயருக்குள் போகும், டூபோலிட்டோ என்ற நிறுவனத்தின் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் ட்யூப் 40 கிராமைத் தாண்டாது. கறுப்பு ட்யூப்பின் விலை சில நூறு ரூபாய். மற்றது ஐரோப்பாவிலேயே ஏறத்தாழ 30 யூரோ. இரண்டு சக்கரத்துக்கும் மாற்றினால் 120 முதல் 130 கிராம் வரை குறையும். அவ்வளவு பணம் கொடுத்து அந்த 130 கிராமைக் கழற்றுவது தகுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் எடை அங்கே கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. டயர் உருளும்போது வீணாகும் சக்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று கிடைக்கும் ட்யூப்கள் மூன்று பொருளில் வருகின்றன. முதலாவது ப்யூட்டைல் ரப்பர். 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வகத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் இருவரும் உருவாக்கியது. அதன் மூலக்கூறுகள் நெருக்கமாக அடைந்திருப்பதால் காற்று ஊடுருவிப் போவது மிகக் குறைவு. ஒரு முறை காற்றடித்தால் வாரக்கணக்கில் ஓட்ட முடிவது அதனால்தான். இரண்டாவது லேடெக்ஸ்: கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் சிரட்டையில் வடிகிற அதே ரப்பர் பால், மெல்லிய தோலாக வார்க்கப்பட்டது. 75 முதல் 80 கிராம் இருக்கும். மூன்றாவது டி.பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக். டூபோலிட்டோ ஆஸ்திரிய நிறுவனம். ஜெர்மனியின் ஷ்வால்பே, பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தோடு சேர்ந்து ஏரோதான் என்ற பெயரில் 2020இல் தன்னுடையதைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ரைட்நவ் போன்ற சீனத் தயாரிப்புகள் ஐரோப்பிய விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கத் தொடங்கின. இந்தக் கேள்வி சாதாரண ஓட்டிகள் வரை வந்ததற்கு அந்த விலை வீழ்ச்சிதான் காரணம்.

டி.பி.யு. ட்யூப் இலகுவாக இருப்பது பிளாஸ்டிக்கின் எடை குறைவு என்பதால் அல்ல. கரி கலந்த ப்யூட்டைலுக்கும் அதற்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு கிடையாது. ப்யூட்டைல் சுவர் முக்கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிப்பு. டி.பி.யு. சுவரோ ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். வால்வுத் தண்டும் பிளாஸ்டிக் என்றால் இன்னும் சில கிராம் போகும். மெல்லியதாக இருப்பதுதான் அதன் இலகு, அதன் வேகம், அதன் எல்லாத் தொல்லைகளும்.

சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடை இரட்டிப்பாகக் கணக்கு என்று ஒரு பேச்சு உண்டு. வேகம் எடுக்கும்போது மட்டும் அது உண்மை. விளிம்பில் உள்ள எடையை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு சக்தி கேட்கும். ஆனால் அளவைப் பாருங்கள். ஓட்டியும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 36 கி.மீ. வேகத்துக்கு வர ஏறத்தாழ 4000 ஜூல் தேவை. விளிம்பில் 130 கிராம் குறைந்தால், இரட்டிப்பாக்கியே கணக்கிட்டாலும் மிச்சமாவது 13 ஜூல்தான். 10 விநாடியில் எடுக்கும் வேகத்தில் அது ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்கு. காலுக்குத் தெரியாது. சீரான வேகத்தில் ஓடும்போது அந்தச் சேமிப்பும் கிடையாது.

மலை ஏறும்போது விளிம்பு எடையும் சட்டத்து எடையும் ஒன்றுதான். இரட்டிப்பு எதுவும் இல்லை. 1000 மீட்டர் உயரம் ஏறும் ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை ஏற்றம் அந்தக் கணக்குக்கு அருகில் வரும். 80 கிலோவை 200 வாட் சக்தியில் ஏற்ற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதில் 130 கிராம் குறைந்தால் 6 விநாடி மிச்சம். குடிநீர்ப் புட்டியில் 130 மில்லியைக் குறைத்து ஊற்றினாலும் அதே 6 விநாடி கிடைக்கும், காசு செலவில்லாமல்.

இனி உருளும் தடை. டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு கணமும் தட்டையாகிறது. தாண்டியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. டயரோடு சேர்ந்து உள்ளே இருக்கும் ட்யூப்பும் மடங்கி நிமிர்கிறது. மடக்கக் கொடுத்த சக்தி முழுவதும் திரும்பி வராது. ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே சூடாகப் போய்விடும். ப்யூட்டைல் இந்த விஷயத்தில் மந்தமான பொருள். ப்யூட்டைல் பந்து ஒன்றைத் தரையில் போட்டால் இயற்கை ரப்பர் பந்துபோல் எகிறாது. லேடெக்ஸ் எகிறும். டி.பி.யு. அவ்வளவு துள்ளாது, ஆனாலும் சுவர் மிக மெல்லியதாக இருப்பதால் வீணாவதும் குறைவு. சுழலும் உருளையில் வைத்துச் சோதித்தவர்கள், மணிக்கு ஏறத்தாழ 29 கி.மீ. வேகத்தில், தடித்த ப்யூட்டைலை விட இவை ஒரு டயருக்கு 1 முதல் 3 வாட் வரை மிச்சப்படுத்துவதைக் காட்டியிருக்கிறார்கள். லேடெக்ஸ் பெரும்பாலும் முதலிடம். நல்ல டி.பி.யு. அதை ஒட்டியோ அரை வாட் பின்னாலோ வரும்.

டயருக்கு 2 வாட் என்று நடுவாக வைத்துக்கொண்டு அதே மலைக்குத் திரும்புவோம். இரண்டு டயருக்கும் சேர்த்து ஏறத்தாழ அரை நியூட்டன் இழுவை குறைகிறது. 1000 மீட்டர் ஏற 8 சதவீதச் சரிவில் பன்னிரண்டரை கி.மீ. ஓட வேண்டும். மிச்சமாகும் சக்தி 6000 ஜூலுக்கு மேல், அதாவது 200 வாட்டில் அரை நிமிடம். எடை கொடுத்தது 6 விநாடி. உருளல் கொடுப்பது 30 விநாடி. இலகு ட்யூப்பின் கோட்டை என்று எல்லோரும் நினைக்கும் மலையிலேயே எடை ஐந்தில் ஒரு பங்குதான். சமதரையில் 40 கி.மீ. போனாலும் அரை நிமிடத்தை ஒட்டியே கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்று வீசும் நாளில் கைமுட்டியை மடக்கி உடம்பைத் தாழ்த்திக்கொண்டால் அதைவிடப் பல மடங்கு மிச்சமாகும். ஆனாலும் பந்தயத்தில் ஓடுபவருக்கு அரை நிமிடம் சின்ன விஷயம் அல்ல.

ஆகவே 36 கிராம் ட்யூப்பை விட்டு 20 கிராம் ட்யூப்பைத் தேடிப் போவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அங்கே கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் எடைக் குறைவு மட்டும். மலைக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை விநாடிதான் தேறும். கொடுப்பதோ சுவரின் தடிப்பு.

ட்யூப்புக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் டயரைப் பாருங்கள். காண்டினென்டல் நிறுவனத்தின் இரண்டு டயர்களையே ஒப்பிடலாம். அதே உருளைச் சோதனையில் ஜி.பி.5000 ஏறத்தாழ 10, 11 வாட் வாங்குகிறது. கேட்டர்ஸ்கின் 20 வாட்டை ஒட்டி. ஒரு டயருக்கு 9 வாட் வித்தியாசம். ட்யூப் மாற்றிக் கிடைப்பதைப் போல நாலு மடங்கு. சைக்கிளோடு கம்பெனி தந்த, கம்பி விளிம்பு வைத்த கனமான டயரை வைத்துக்கொண்டு உள்ளே டி.பி.யு. போடுவது தலைகீழான வரிசை. கேட்டர்ஸ்கின் போன்றவை முள்ளுக்காகத் தடிப்பாகச் செய்யப்பட்டவை. உங்கள் வழியில் முள் அதிகம் என்று தெரிந்தே போட்டிருந்தால் அது நல்ல முடிவுதான். அப்போது ட்யூப்பில் 2 வாட் தேட வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பாதையில் நேரத்தைத் தின்பது பஞ்சர்.

முள் என்றதும் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டி.பி.யு. ப்யூட்டைலை விடப் பலமானது, பஞ்சர் ஆகாது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. சில வகைகள் ஊசி குத்தும் சோதனையில் நன்றாகத் தாங்குகின்றன என்பது மெய். ஆனால் நம் சாலையோரத்துச் சீமைக்கருவேல முள்ளும், நெருஞ்சியும், வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய எஃகுக் கம்பியும் டயரைத் துளைத்து உள்ளே வந்த பிறகு எந்த ட்யூப்பும் அவற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. அதைத் தடுப்பது டயரின் வேலை. ட்யூப்பின் பொருள் உண்மையில் உதவுவது வேறு வகைப் பஞ்சரில்: காற்றுக் குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறங்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழுவது. லேடெக்ஸ் நன்றாக இழுபடும் பொருள் என்பதால் அந்த நசுக்கலை ப்யூட்டைலை விட நன்றாகத் தாங்குகிறது. அதிமெல்லிய ப்யூட்டைல்தான் அதில் மிக மோசம்.

லேடெக்ஸின் குறை காற்றுக் கசிவு. மாலையில் 80 பி.எஸ்.ஐ. வைத்தால் மறுநாள் காலை பத்துக்கு மேல் குறைந்திருக்கும். ஓட்டை என்று நினைத்துக் கழற்ற வேண்டாம். அதன் இயல்பே அது. தினமும் ஓட்டும் முன் அளவு காட்டும் பம்பு பிடிக்க வேண்டும். இரண்டு நாள் வெளியூர்ப் பயணத்துக்குக் கைப்பம்பு மட்டும் இருந்தால் சலிப்புத்தான். எண்ணெயும் கிரீஸும் வெயிலும் அதற்கு ஆகாது. செயினைத் தொட்ட கையோடு லேடெக்ஸைத் தொடக் கூடாது. டால்கம் பவுடர் பூசி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் டயரின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு கழற்றும்போது கிழியும். பழைய லேடெக்ஸ் ட்யூப்பிலிருந்து வெட்டிய துண்டையே சொல்யூஷன் போட்டு ஒட்டாக வைக்கலாம். நன்றாகப் பிடிக்கும்.

வெப்பம் இந்த மெல்லிய ட்யூப்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி. ரிம்மைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள சைக்கிளில், நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தால் ரிம் கடுமையாகச் சூடாகும். கார்பன் ரிம்மும் ரிம் பிரேக்கும் சேர்ந்தால் லேடெக்ஸ் போடவே கூடாது. டி.பி.யு. சூட்டில் இளகும் பிளாஸ்டிக். மிக மெல்லிய வகைகள் சிலவற்றின் பெட்டியிலேயே டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ ரிம் பிரேக்கோடு இறங்குவது உயிரோடு விளையாடுவது. இந்த ஓர் இடத்தில் வாட் கணக்குக்கு மதிப்பே இல்லை.

டி.பி.யு. ட்யூப்கள் பெரும்பாலும் முள் பட்டுச் சாவதில்லை. மாட்டும் விதத்தால், வால்வின் அடிப்பகுதியில் வரும் பழுதால், காற்றடிக்கும் பம்பால் சாகின்றன. ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். டி.பி.யு. ஓரளவுக்கு மேல் நீண்டால் திரும்பாது. டயருக்கு வெளியே வைத்து ரப்பர் ட்யூப்பைப் போலப் பெரிதாக ஊதினால் ஓரிடத்தில் தவளைக் கன்னம்போல் உப்பி அப்படியே நின்றுவிடும். பிறகு அது டயருக்குள் மடிப்பாக உட்கார்ந்து அந்த மடிப்பில் வெடிக்கும். வடிவம் வரும் அளவுக்கு ஒன்றிரண்டு அழுத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 28 மி.மீ. டயரில் சில மாதம் ஓடிய டி.பி.யு. ட்யூப்பை எடுத்து 23 மி.மீ. டயரில் போடக் கூடாததும் இதே காரணத்தால்தான்.

மாட்டும் முன் ரிம்மின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஸ்போக் துளைகளின் மேல் இருக்கும் ரிம் டேப் நகர்ந்து துளையின் ஓரம் தெரிந்தால், ப்யூட்டைல் சில மாதம் பொறுத்துக்கொள்ளும், டி.பி.யு. அந்தத் துளைக்குள் மெல்லப் பிதுங்கி, ஒரு நாள் அங்கேயே கிழியும். துணி டேப்பை விட, ட்யூப்லெஸ் ரிம்முக்குப் போடும் வழவழப்பான பிளாஸ்டிக் டேப் சுற்றினால் பாதுகாப்பு. வால்வுத் துளையும் கவனிக்க வேண்டியது. ரேஸ் சைக்கிள் ட்யூப்களில் இருக்கும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கான துளை 6.5 மி.மீ.; மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற ஷ்ரேடர் வால்வுக்கு 8.5 மி.மீ. விலை குறைந்த ஹைப்ரிட், மலைச் சைக்கிள் ரிம்கள் பலவற்றில் பெரிய துளைதான். அதில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு வைத்தால் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழும். டி.பி.யு.வின் வால்வு அடி அந்த இடைவெளிக்குள் பிதுங்கி ஒட்டுப் பிரியும். துளையைச் சிறிதாக்கும் வளையம் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது.

பிறகு, டயரின் ஒரு விளிம்பை ரிம்மில் ஏற்றி, லேசாக ஊதிய ட்யூப்பை வால்விலிருந்து தொடங்கி முறுக்கில்லாமல் உள்ளே வைக்க வேண்டும். மறு விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, வால்வில் முடியுங்கள். முடியும் இடத்தில் இறுகும்போது, டயரை நெம்பும் டயர் லீவரைத் தேடக் கூடாது. எதிர்ப்புறத்து விளிம்பைச் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால் இந்தப் பக்கம் இளகிக் கொடுக்கும். லீவர் நுனி ஒரு முறை உரசினால் போதும், கால் மில்லிமீட்டர் சுவர் தாங்காது. இரண்டு விளிம்பையும் விரலால் அகற்றிப் பார்த்து, எங்கும் ட்யூப் துருத்தவில்லை என்று உறுதி செய்த பிறகு 20 பி.எஸ்.ஐ. ஏற்றி, டயர் சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, அதன் பின் முழு அழுத்தத்துக்குப் போகலாம். 70 கிலோ உடம்புக்கு 25 மி.மீ. டயரில் 80 பி.எஸ்.ஐ. சுற்றுவட்டாரமும், 28 மி.மீ. டயரில் 65 முதல் 75 வரையும் போதும். 110, 120 என்று கல்லாக அடிப்பவர்கள் ட்யூப்பில் மிச்சப்படுத்திய வாட்டைக் குலுங்கலில் இழக்கிறார்கள்.

வால்வு பிளாஸ்டிக்காக இருந்தால் பம்பு விஷயத்தில் எச்சரிக்கை. சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகும் குட்டிப் பம்பின் வாய் நேராக வால்வில் உட்காரும். ஒவ்வொரு அழுத்துக்கும் கை ஆட, வால்வும் ஆட, அடியில் உள்ள ஒட்டு தளர்ந்துவிடும். சிறிய ரப்பர்க் குழாய் உள்ள பம்பு வாங்குவது இதற்கு மருந்து. திருகி மாட்டும் பம்பு வாய் சில பிளாஸ்டிக் வால்வுகளில் பிடிக்காமல் மரையைத் தேய்த்துவிடும். சில கிராம் கூடினாலும் உலோக வால்வு உள்ள டி.பி.யு.வே எங்கள் தேர்வு. வால்வு நட்டைக் கையால் லேசாகத் தொடும் அளவுக்கு மட்டும் திருகினால் போதும். இறுக்கினால் அதுவே ஒட்டைப் பிய்க்கும்.

பஞ்சர் ஒட்டுவதிலும் பழைய வழி செல்லாது. தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டு வைப்பது ரப்பருக்கான முறை. டி.பி.யு.வில் அது உரிந்து வந்துவிடும். ஆகவே தெருமுனைப் பஞ்சர் கடையில் இதைக் கொடுத்துப் பயன் இல்லை. பெரும்பாலான கடைகளில் கம்ப்ரஸர் வாயும் ஷ்ரேடருக்கானதுதான், பிரெஸ்டாவுக்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டரை நீங்களே வைத்திருக்க வேண்டும். டி.பி.யு.வுக்கென்று வரும் பசை ஒட்டுகளை வாங்கி, ஓட்டையைச் சுற்றி ஆல்கஹால் துடைப்பானால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, உலர்ந்ததும் ஒட்டி, ஒரு நிமிடம் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கொஞ்ச நேரம் விட்டுக் காற்றேற்ற வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிப்பதே சிரமம், வெளியே பெரிதாக ஊத முடியாது என்பதால். தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதுதான் வழி. நடுரோட்டில் இதெல்லாம் செய்வதை விட ட்யூப்பையே மாற்றிவிட்டு, ஒட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று உண்டு, பலர் தாண்டிப் போவது: 75 கிராம் அளவுள்ள மெல்லிய ப்யூட்டைல். சாதாரண ட்யூப்பை விடச் சற்று விலை கூடுதல். தடிப்பு குறைந்திருப்பதால் உருளலில் ஒரு பகுதி லாபம் இதிலும் கிடைக்கிறது. சொல்யூஷனும் ஒட்டும் வழக்கம்போல் பிடிக்கும், வாரத்துக்கு ஒரு முறை காற்றுப் பார்த்தால் போதும். வாரக் கடைசியில் 60, 80 கி.மீ. ஓட்டும் ஒருவருக்குப் பரிந்துரைக்க எங்களுக்கு இதை விடப் பொருத்தமானது தெரியவில்லை. 50 கிராம் ப்யூட்டைலும் உண்டு. அதை மாட்டும்போதே கிள்ளிவிடும் அபாயம் இருக்கிறது, வேண்டாம்.

வேலைக்கும் கடைக்கும் போகும் சைக்கிளுக்குச் சாதாரண ப்யூட்டைலே சரி. அந்தப் பணத்தை முள் தாங்கும் டயரில் போடலாம். மலைச் சைக்கிளில் எடை வித்தியாசம் பெரிது. 29 அங்குலச் சக்கரத்துக்கு 200 கிராம் ப்யூட்டைலும் 85 கிராம் டி.பி.யு.வும் கிடைக்கும். ஆனால் காட்டுப் பாதையில் குறைந்த அழுத்தத்தில் ஓட்டவும், முள் குத்திய ஓட்டை தானே அடைபடவும் ட்யூப்லெஸ்தான் ஏற்றது, ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் பால் போன்ற திரவம் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்ற தொல்லையோடு சேர்த்து. நல்ல ரேஸ் டயர் ஏற்கெனவே போட்டு, ஒவ்வொரு விநாடிக்கும் கணக்கு வைத்து ஓட்டுபவர் டி.பி.யு.வோ லேடெக்ஸோ போடட்டும். அவருக்கு அந்த 4 வாட் மிக மலிவாகக் கிடைப்பது. சக்கரத்தை மாற்றி அதே 4 வாட்டைப் பெற அதைப் போலப் பல மடங்கு செலவாகும்.

எல்லோருக்கும் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது: இருக்கைக்கு அடியில் உள்ள பை. ப்யூட்டைல் ஸ்பேர் ட்யூப் சுருட்டினால் கைப்பிடி அளவு, டி.பி.யு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய 200, 300 கி.மீ. நெடுந்தூர பிரெவே ஓட்டத்தில் இரண்டு ட்யூப்பை ஒரே பையில் லீவர், ஒட்டு, பம்பு அடாப்டரோடு அடக்கிவிடலாம். சக்கரத்தில் சாதாரண ப்யூட்டைல் ஓட, பையில் மலிவான டி.பி.யு. இரண்டு இருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் வாங்கியதை அப்படியே பையில் போட்டுவிடக் கூடாது. முதலில் வீட்டில் ஒரு சக்கரத்தில் மாட்டி, ஒரு நாள் காற்று நிற்கிறதா பார்க்க வேண்டும். வால்வு ஒட்டில் பழுது இருந்தால் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்து, வால்வு நுனி ட்யூப்பைக் குத்தாதபடி மூடி போட்டு, ஒரு சிறு துணியில் சுற்றி வையுங்கள். பைக்குள் லீவரும் சில்லறைக் கருவிகளும் உரசி உரசித்தான் பல ஸ்பேர் ட்யூப்கள் ஒரு நாளும் ஓடாமலே ஓட்டையாகின்றன.